கடைசி ஆணைக்குப் பிறகும் எழுதிய கை

சீனத்தின் வடக்கே, நாடு பல துண்டுகளாக உடைந்து துண்டுக்கு ஓர் அரசன் முளைத்திருந்த காலத்தில், மஞ்சள் மண் காற்றோடு கிளம்பி வந்து தினைக் கஞ்சியில் விழும் யுன்ஷாங் நகரத்தில், தோபு என்ற அரசர் ஒரு குளிர்காலக் காலையில் செத்துப்போனார், செத்த பிறகும் அவருடைய வலது கை எழுதுவதை நிறுத்தவில்லை. இதில் வியக்க ஒன்றும் இல்லை. அந்தக் கை அவர் உயிரோடு இருந்தபோதும் தலையைக் கேட்டுக்கொண்டு எழுதிய கை அல்ல. வியக்க வேண்டியது அந்தக் கையின் முன்னால் மண்டியிட்ட ஊரைப் பார்த்துத்தான், அந்த ஊரின் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. சாகப்போகும் அரசர் தனக்குப் பின்னால் யார் என்பதைத் தன் கையாலேயே தாளில் எழுதித்தர வேண்டும், அந்தத் தாள் இல்லாமல் எவன் சிம்மாசனத்தில் ஏறினாலும் அவன் திருடன், அவனை எவன் வேண்டுமானாலும் கொல்லலாம். தோபுவோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது மை அரைக்கக்கூட நேரம் இல்லை. படுக்கையின் பக்கத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பிரதம மந்திரி லியாங், தெற்கேயிருந்து வந்த படிப்பாளி, நூறு நூல்களை மனப்பாடமாகச் சொல்வார், ஒன்றிலாவது சொன்னபடி நடந்ததில்லை. மற்றவர் தளபதி ஹெபா, குதிரை மேல் பிறந்து குதிரை மேலேயே வளர்ந்தவர், எழுதப் படிக்கத் தெரியாது, அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. உடம்பின் சூடு ஆறுவதற்குள் லியாங் தூரிகையை மைக்குள் தோய்த்து அரசரின் விரல்களுக்கு நடுவில் செருகி, மணிக்கட்டைப் பிடித்து, தாளின் மேல் நகர்த்தி, தனக்கு வேண்டியதை அரசரின் கையாலேயே எழுதி முடித்தார். சின்ன இளவரசன் சியான் அரசன் ஆக வேண்டும், லியாங்கும் ஹெபாவும் அவனுக்குத் துணையாக இருந்து ஆள வேண்டும், மூதாதையர் வழக்கப்படி இளவரசனின் தாய் சூமேய், மகன் சிம்மாசனத்தில் ஏறும் நாளில் நஞ்சுக் கிண்ணத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் அந்த ஆணை.

அந்த வழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. அந்த அரச குலத்தின் முன்னோர்கள் புல்வெளியில் ஆடு மேய்த்துத் திரிந்த காலத்திலிருந்து வந்த வழக்கம் என்பார்கள்: எந்தப் பிள்ளை அரசனாகப் போகிறானோ அவனைப் பட்டத்து இளவரசனாக அறிவிக்கும் நாளில், அறிவிக்காமல் போயிருந்தால் அவன் சிம்மாசனத்தில் ஏறும் நாளில், அவனைப் பெற்றவள் சாக வேண்டும், இல்லாவிட்டால் அவளும் அவளுடைய அண்ணன் தம்பிகளும் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து நாட்டை ஆண்டுவிடுவார்களாம். அதனால் அந்த அரண்மனையில் கர்ப்பமான பெண்கள் எல்லாம் பெண் குழந்தை வேண்டும் என்று விளக்கேற்றினார்கள், ஆண் பிறந்தால் மருத்துவச்சியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் யாரும் உட்காரக் கூடாது என்று எழுதவைத்த இரண்டு பேரும் எங்கே உட்காரப் போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

லியாங் எழுதி முடித்துக் கையை விட்டார். அரசரின் கை நிற்கவில்லை. தாளில் அடுத்த வரிக்கு நகர்ந்து, அரசரின் அதே கோணல் எழுத்தில், வில் செய்யும் கிழவனின் காதை அறுக்க வேண்டும், போன மாதம் கட்டித்தந்த நாண் தளர்ந்துவிட்டது என்று எழுதியது.

"மந்திரி ஐயா, நீங்க இன்னும் பிடிச்சிருக்கீங்களா?" என்று ஹெபா கேட்டார்.

"இல்லை தளபதி. நான் விட்டுட்டேன்."

"அப்போ எழுதறது யாரு?"

லியாங் தன் தாடியை ஒருமுறை நீவிக்கொண்டார். "அரசர்தான் எழுதறார்."

"அவர்தான் செத்துட்டாரே. செத்தவர் எழுதினது செல்லாதுன்னு சொல்லிட்டுப் போயிடலாம்."

"சொல்லலாம். ஆனா முதல் வரியையும் செத்தவர்தான் எழுதினார். இது செல்லாதுன்னா அதுவும் செல்லாது. அப்புறம் நீங்களும் நானும் யாரு? இந்த அறைக்குள்ள புகுந்த ரெண்டு திருடங்க."

ஹெபா நீண்ட நேரம் யோசித்தார், அவருக்கு யோசிப்பது பழக்கமில்லாததால் வியர்த்தது. பிறகு வெளியே போய் ஆள் அனுப்பினார். மதியத்துக்குள் வில் செய்யும் கிழவனுக்கு ஒரு காது இல்லை.

இப்படித்தான் அந்த நாட்டில் செத்தவர் ஆட்சி தொடங்கியது. லியாங் அதற்கு அழகான ஒரு வாசகமும் கண்டுபிடித்துக் கொடுத்தார்: உடல் ஓய்ந்தது, ஆணை ஓயவில்லை. அதைச் சுவர்களில் எழுதி வைத்தார்கள். காலையில் கை எழுதும், லியாங் அந்தத் தாளை எடுத்துப்போய் சபையில் உரக்கப் படிப்பார், அதிகாரிகள் நெற்றி தரையில் படக் கேட்டுக்கொண்டு போய் அதன்படி செய்வார்கள். பத்து வருடத்துக்கு முன்னால் ஆற்றில் மூழ்கிச் செத்த ஒரு தளபதியை உடனே வடக்கே படையெடுத்துப் போகச் சொன்னது கை. அவனுடைய பெயர் பொறித்த பலகையை ஒரு குதிரையின் மேல் கட்டி, பின்னால் ஒரு படையையே பனிக்குள் அனுப்பினார்கள், போனவர்களில் பலர் திரும்பவில்லை. நகரத்தில் உள்ள வெள்ளைக் குதிரைகளை எல்லாம் கொல்லச் சொன்னது, பிறகு வெள்ளைக் குதிரை ஒன்றுகூட இல்லையே என்று லாயக்காரனுக்குக் கசையடி கொடுக்கச் சொன்னது. இரண்டும் நடந்தன. இரண்டுக்கும் நடுவே யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊர் பழகிக்கொண்டது. ஊருக்கு அதுதானே வேலை. அரசர் இறந்தால் எல்லோரும் வெள்ளைச் சணல் உடுத்தித் துக்கம் காக்க வேண்டும், ஆணை எழுதும் அரசருக்குத் துக்கம் காத்தாலோ அது ராஜதுரோகம், ஆகவே ஜனங்கள் வெளியே பட்டும் உள்ளே சணலுமாக உடுத்திக்கொண்டு, எந்த அதிகாரி எதிரே வருகிறான் என்று பார்த்து மேலே உள்ளதைத் திறந்தும் மூடியும் நடந்தார்கள், தையல்காரர்கள் செழித்தார்கள். துக்கக் காலத்தில் கல்யாணம் கூடாது என்பதால் நிச்சயம் செய்த பெண்கள் காத்திருந்தார்கள், சிலர் காத்திருக்கவில்லை. சத்தியம் செய்பவர்கள் சொர்க்கத்தின் மேல் சத்தியம் செய்வதை விட்டு, கையின் மேல் சத்தியம் செய்தார்கள். புருஷன் மேல் கோபம் கொண்டவர்களும் வாய்க்கால் தகராறு உள்ளவர்களும் படையல் வைக்க அரசரின் அறைக்குள் போகும் அரண்மனைச் சமையல்காரிக்கு ஏதாவது கொடுத்து, தங்கள் எதிரியின் பெயரை அரசரின் காதில் ஓதச் சொன்னார்கள், நாளைக்கு அந்தப் பெயர் தாளில் வராதா என்ற நப்பாசையில். சில நேரம் வந்தது. அன்றைக்கு மட்டும் அந்தத் தெருவில் கையைப் பற்றி யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கொடுமைக்குப் பயந்தார்கள் என்றால்கூட மன்னிக்கலாம், அவர்கள் அதில் பங்கு கேட்டார்கள்.

லியாங்கும் ஹெபாவும் மட்டும் நிம்மதியாகத் தூங்கவில்லை. கையைப் பிடித்தால் எதையும் எழுதவைக்கலாம் என்று இரண்டு பேருக்குமே தெரியும். லியாங் பிடித்தால் ஹெபாவை ஒழிக்க எழுதுவார், அதனால் ஹெபா அவரை நெருங்க விடவில்லை. தனக்கு எழுதத் தெரியாததால் ஹெபா ஓர் எழுத்தனைக் கூட்டிவந்தால் லியாங் அவனை வாசலிலேயே நிறுத்தினார். அறைக்குள் போவதானால் இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள், சேர்ந்தே வந்தார்கள், கை யாருக்கும் சொந்தமில்லாமல் தன்பாட்டுக்கு எழுதியது.

இனி சூமேய். தோற்றுப்போன ஒரு குலத்திலிருந்து தோபு பிடித்துவந்த பெண் அவள். கெட்டித் தயிர் உறையவைப்பதில் கைராசிக்காரி, அதற்காகவே அவளை அரசருக்குப் பிடிக்கும் என்பார்கள், ஒருமுறை அவள் சொன்ன எதற்கோ அவர் வாய்விட்டுச் சிரித்ததைக் கேட்டவர்களும் இருக்கிறார்கள். அவளுடைய நிலைமை இதுதான்: மகன் சிம்மாசனத்தில் ஏறினால் அவள் சாக வேண்டும், அரசரைப் புதைக்காமல் மகன் ஏற முடியாது, கை எழுதுகிற வரை அரசரைப் புதைக்க முடியாது. ஊரின் காதுகளையும் குதிரைகளையும் தின்றுகொண்டிருந்த அந்தக் கைதான் அவளை உயிரோடு வைத்திருந்தது. ஊரே அந்தக் கை நின்று தொலையாதா என்று மனதுக்குள் வேண்டியபோது அவள் ஒருத்தி மட்டும் அது நிற்கக் கூடாது என்று வேண்டினாள்.

ஆனால் பனி உருகத் தொடங்கியது. ஆற்றிலிருந்து வெட்டிவந்து படுக்கையைச் சுற்றி அடுக்கிய பனிக்கட்டிகள் சுருங்கின, அறையில் எத்தனை சாம்பிராணி போட்டாலும் அடங்காத நாற்றம் வந்தது. இறந்த கணவனின் முகத்தையும் கைகளையும் புதைக்கிற நாள் வரை தினமும் காலையில் குதிரைப்பாலால் மனைவி கழுவ வேண்டும் என்பது அந்தக் குலத்தின் முறை, அந்த நேரத்தில் அவள் தலைத்துணியை அவிழ்த்திருப்பாள், அதைப் பிற ஆண்கள் பார்ப்பது பெரிய பாவம், ஆகவே லியாங்கும் ஹெபாவும் அப்போது சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார்கள். அந்தக் கையைத் தினமும் கழுவியவளுக்குத்தான் அதன் கட்டைவிரல் கறுத்து வருவதும், தோல் நழுவுவதும் முதலில் தெரிந்தது. கோடை வந்தால் விரல்கள் உதிரும். விரல்கள் உதிர்ந்தால் கை நிற்கும். கை நின்றால் கிண்ணம் வரும்.

ஒருநாள் அவள் லியாங்கிடம் நேராகவே கேட்டாள். "மந்திரி ஐயா, என்னைச் சாகச் சொன்னது அவரா, நீங்களா?"

"கையெழுத்து அவருடையது தாயே."

"கையெழுத்தைக் கேட்கலை. மனசைக் கேட்கறேன்."

"அரசரின் மனசைத் தெரிஞ்சுக்க நமக்கு அவர் எழுத்தைத் தவிர வேற வழி இல்லை" என்று சொல்லிவிட்டு லியாங் குனிந்து வணங்கினார். வணக்கத்தில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

அவளுக்கு எழுதத் தெரியாது என்று லியாங் நினைத்திருந்தார். தயிர் கடைகிறவளுக்கு எழுத்து எதற்கு. ஆனால் அவள் குளிர்காலம் முழுவதும், பால் சொட்டும் துணியோடு, அந்தக் கை எழுதுவதை எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதே வரியைச் சபையில் லியாங் படிப்பதைத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டாள், பிறகு தன் அறையில் தயிர்ப் பானையின் மேல் விரலால் எழுதிப் பார்த்து அழித்தாள். அரசரின் எழுத்தைத் தவிர வேறு எழுத்து அவளுக்குத் தெரியாது, ஆகவே அவள் எழுதினால் அது அரசரின் எழுத்தாகவே இருந்தது.

செர்ரி மரங்கள் பூத்த ஒரு காலையில் அவள் தலைத்துணியை அவிழ்த்தாள், இரண்டு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். அவள் கையைக் கழுவி, துடைத்து, புதுத் தாளை விரித்து, தூரிகையைத் தோய்த்துக் கொடுத்தாள். உடனே பிடித்து எழுதியிருக்கலாம். எழுதவில்லை. இதை நினைக்கும்போது மட்டும் எனக்கு அவள்மேல் இரக்கம் வருகிறது. அவள் குனிந்து, அரசரின் காதில் மிக மெதுவாகச் சொன்னாள்: "நான் சாகணுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க. நான் கையைப் பிடிக்க மாட்டேன்."

கை அசைந்தது. அவள் தாளைப் பார்த்தாள். வேட்டை நாய்களுக்கு இனிமேல் ஆட்டு ஈரல் மட்டும் போட வேண்டும், மாட்டு ஈரல் போட்டால் அவற்றுக்குச் செரிப்பதில்லை என்று கை எழுதியது.

அவளுக்கு அழுகை வரவில்லை. அப்படி ஒரு கோபம் வந்தது, உச்சந்தலை வரை சுட்டது. அந்தக் கறுத்த மணிக்கட்டைப் பிடித்து, தோல் கழன்று வருவதைப் பொருட்படுத்தாமல் அழுத்தி, நாய்களைப் பற்றிய வரிக்குக் கீழே எழுதினாள்: சூமேய் சாக வேண்டியதில்லை. இதுவே கடைசி ஆணை. இந்தக் கையை உடனே வெட்ட வேண்டும், வெட்டுகிறவனுக்குக் குற்றமில்லை, வடபடை முழுவதும் அவனுடையது. எழுதி முடித்துத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, "ஆச்சு" என்றாள். இரண்டு பேரும் திரும்பினார்கள்.

சபையில் லியாங் படிக்கத் தொடங்கினார். நாய்களின் ஈரலைக் கம்பீரமாகப் படித்தார். அடுத்த வரியில் அவருடைய குரல் நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் ஹெபா. "படிங்க."

"எழுத்து தெளிவா இல்லை. மை கொஞ்சம்..."

"இவ்வளவு நாளும் தெளிவா இருந்துச்சே." ஹெபா பக்கத்தில் இருந்த ஓர் எழுத்தனின் கழுத்தைப் பிடித்துத் தாளுக்கு முன்னால் இழுத்தார். "நீ படி."

எழுத்தன் படித்தான். வடபடை என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்து விழுவதற்குள் ஹெபா எழுந்து அரசரின் அறைக்குப் பாய்ந்துவிட்டார். லியாங் ஓடினார், அந்த வயதில் அவர் அப்படி ஓடுவார் என்று யாரும் நினைக்கவில்லை, "தளபதி, கொஞ்சம் பொறுங்க, ஒரே ஒரு வரி, ஒரே ஒரு வரி பாக்கி இருக்கு" என்று அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். அவர் அறை வாசலை எட்டியபோது வாள் இறங்கிவிட்டது. கை தரையில் விழுந்து, தூரிகையை விட்டது. அரசர் செத்துப்போனார்.

அது யாருடைய எழுத்து என்று லியாங்குக்குத் தெரியும். ஊருக்கும் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. ஆனால் பிடித்து எழுதவைத்தது செல்லாது என்று சொல்லக்கூடிய வாய் அந்த நகரத்திலேயே லியாங்கின் வாய் ஒன்றுதான், அந்த வாயால் அதைச் சொல்ல முடியாது. ஹெபா படையை வாங்கிக்கொண்டு வடக்கே போனார். அரசரைப் புதைத்தார்கள், கையைத் தனிப் பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள். சிறுவன் சியான் சிம்மாசனத்தில் ஏறினான், கால் தரையில் எட்டாததால் கீழே ஒரு மணை போட்டார்கள். அவனுக்குப் பின்னால் ஒரு திரை தொங்கியது, திரைக்குப் பின்னால் சூமேய் உட்கார்ந்தாள். எந்தப் பயத்துக்காக அத்தனை தாய்மார்களைக் கொன்றார்களோ அது அன்றைக்கு நடந்தது, ஜனங்கள் பட்டு மட்டும் உடுத்திக்கொண்டு வந்து வாழ்த்தினார்கள். லியாங் பிரதம மந்திரியாகவே இருந்தார். அவரைப் போன்றவர்கள் இருப்பார்கள்.

அவள் மோசமாக ஆளவில்லை. வாய்க்கால்களைத் தூர் வாரினாள், வில் செய்யும் கிழவனுக்குச் சோறு போட்டாள். சியான் வளர்ந்தான், குதிரை ஏறவும் குடிக்கவும் கற்றுக்கொண்டான், ஆட்சியை அம்மாவிடமே விட்டுவைத்தான். அவனுக்கு லூவா என்ற பெண்ணைக் கட்டிவைத்தாள், அவளும் புல்வெளிப் பெண்தான், சத்தமாகச் சிரிப்பவள், மாமியாரோடு சேர்ந்து தயிர் கடைவாள். லூவாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அரண்மனையில் யாரும் பலகாரம் செய்யவில்லை.

குழந்தையைப் பட்டத்து இளவரசனாக அறிவிக்க வேண்டிய வசந்தத்தில் லியாங் வந்தார். கிழடாகிவிட்டார், ஆனால் வணக்கம் அப்படியே இருந்தது.

"அந்த வழக்கத்தை எடுத்துடுவோம்" என்றாள் சூமேய், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே.

"தாராளமா எடுக்கலாம் தாயே. ஆனா வழக்கம்ங்கற சொல் அரசர் எழுதின முதல் தாள்ல இருக்கு. உங்க மகன் அரசர்ங்கறதும் அதே தாள்லதான் இருக்கு. அதுல ஒரு வரி தப்புன்னு சொன்னா, மத்த வரியையும் எவனாவது கேட்பான். ஹெபா வடக்கே பெரிய படையோட உட்கார்ந்திருக்கார், அவருக்கு அப்படிக் கேட்க ஒரு காரணம்தான் வேணும். முதல் தாள் போச்சுன்னா கடைசித் தாளும் போகும். அதுல உங்களைப் பத்தி ஒரு வரி இருக்கு."

"இன்னொரு ஆணை?"

"அரசரோட கை இருந்தா எழுதச் சொல்லலாம்." லியாங் தரையைப் பார்த்தபடியே சொன்னார். "இதுவே கடைசின்னு எழுதிட்டு வெட்டச் சொன்னது அரசராச்சே."

சூமேய் அன்று யாரையும் பார்க்கவில்லை. அவளால் வேறெதுவும் செய்ய முடியாது என்று சொல்பவர்கள் உண்டு; நான் சொல்ல மாட்டேன். திரையை விலக்கிக்கொண்டு சபைக்கு வந்து, கடைசி வரியை எழுதியது நான்தான், முதல் வரியை எழுதியது இதோ இந்த மனுஷன், இரண்டும் பொய் என்று ஒரே ஒரு முறை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் செத்திருப்பாள், மகனும் போயிருக்கலாம். சொல்லாவிட்டால் சாகிறவள் வேறொருத்தி. மறுநாள் அவள் தன் கணக்கை முடித்துவிட்டு லூவாவைக் கூப்பிட்டனுப்பினாள்.

லூவா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். மேசை மேல் இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், உட்கார்ந்தாள்.

"அத்தை, நீங்க தப்பிச்சீங்களே."

"தப்பிச்சேன்."

"அந்தக் கை உங்க பிடியில இருந்துச்சுன்னு ஊருக்கே தெரியும். உங்க பேரை எழுதினீங்க. அந்த வழக்கமே வேண்டாம்னு எழுதியிருக்கலாமே. தாள்ல இடம் இல்லையா?"

"இருந்துச்சு" என்றாள் சூமேய். "பாதித் தாளுக்கு மேல வெறுமனேதான் கிடந்துச்சு."

"அப்புறம் ஏன் எழுதலை?"

சூமேய் பொய் சொல்லவில்லை, அந்த அளவுக்கு அவளுக்கு மருமகள் மேல் பிரியம் இருந்தது. "தோணலைம்மா. அப்போ எனக்கு நீ இல்லையே."

லூவா குழந்தையை ஒரு கையால் பிடித்தபடி மற்றக் கையைக் கிண்ணத்துக்கு நீட்டினாள். அரசர் கொடுப்பது எதுவானாலும் இரண்டு கைகளாலும்தான் வாங்க வேண்டும் என்பதால், சூமேய் எழுந்து வந்து, லூவாவின் மடியிலிருந்த குழந்தையை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.